காரணம் என்ற கட்டம்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. காலை நடை இருபது நிமிடம், மாத்திரை இரண்டு, தூக்கம் ஆறு மணி நேரம் என்று என் நாட்கள் ஒழுங்காகப் போகின்றன. காதுதான் இன்னும் மந்தமாகிவிட்டது. போனில் நீ பேசினால் தண்ணீர் கொதிப்பது போலக் கேட்கிறது. அதனால் கடிதத்தோடு என்னைப் பொறுத்துக்கொள். நீயும் வீட்டில் டீச்சரும் நலமா? அவருடைய மழலையர் பள்ளியில் இந்த வருடம் எத்தனை பிள்ளைகள்?

உன் கண்ணாடியைச் சரிசெய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கடையை விட்டு ஏழு வருடம் ஆகியும் பின்னறையில் என் மேசையும் விளக்கும் அப்படியே இருக்கின்றன. பழைய வாடிக்கைக்காரர்கள் பத்துப் பேருக்கும் உனக்கும் மட்டும் வேலை பார்க்கிறேன். வழக்கம்போல் பெட்டிக்குள் பழுதுச் சீட்டு இருக்கிறது, என்னிடம் உள்ள உன் அட்டையின் நகல். எண், பழுது, காரணம், செய்த வேலை என்று நான்கு கட்டம். வாடிக்கைக்காரர் சொல்வதை எழுதாதே, ஃபிரேம் சொல்வதை எழுது என்பார் அப்பா. உன் விஷயத்தில் மட்டும் நீ சொன்னதையே எழுதிவருகிறேன்.

நேற்று உன் அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்டிலிருந்து இது நான்காவது பழுது. முதல் இரண்டு தடவை ‘மேலே உட்கார்ந்துவிட்டேன்’ என்றாய். அடுத்த இரண்டு தடவை கதவு. நான்கு தடவையும் உன் இடது பக்கம்தான் அடிபட்டிருக்கிறது.

நான் டாக்டர் அல்ல, தவறாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு வாடிக்கைக்காரர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். இடப்பக்கப் பார்வை மெல்ல மெல்லப் போய்விடும், அவர்களுக்கே தெரியாது. கதவு நிலை, ஜன்னல் கம்பி எல்லாம் அந்தப் பக்கமாகவே வந்து இடிக்கும். உனக்கும் அப்படி இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

இரண்டு தாள் வைத்திருக்கிறேன், கண்ணுக்கு ஒன்று. ஒரு கண்ணைப் பொத்திக்கொள். மறு கண்ணால் நடுவில் உள்ள சிலுவைக் குறியை மட்டும் பார். பென்சில் முனையை நாலா பக்கமும் மெதுவாக நகர்த்து. முனை எங்கே மறைகிறதோ அங்கே நிழலிடு. பார்வை சிலுவையை விட்டு நகரக் கூடாது. அவசரப்படாதே.

டீச்சரைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்


ஜனவரி 29

அன்புள்ள அண்ணா,

நாங்கள் இருவரும் சுகம். நீங்கள் காதுக்கு ஒரு கருவி வாங்கிக்கொள்ளக் கூடாதா? ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டவர் தன் காதுக்கு ஒன்றும் போட மாட்டேன் என்றால் எப்படி?

கண்ணாடி வந்தது. மூக்கில் இருப்பதே தெரியவில்லை. நிலையத்துக்குப் புதிய பயிற்சி அணி வந்திருக்கிறது, இருபத்திரண்டு பேர். தீயணைப்பு வண்டியைப் பார்த்ததும் எல்லாரும் வீரர்கள். ஏணியைப் பார்த்ததும்தான் யார் யார் என்று தெரிகிறது. ஒருவன் பாதி ஏறிவிட்டுக் கண்ணை மூடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு, “ஏணி சார், என்னை இறக்கி விடுங்க சார்” என்று அழுதான். “தம்பி, நீ கட்டிப்பிடிச்சிருக்கிறதும் ஏணிதான், அதுகிட்டயே கேளு” என்றேன். கீழே நின்றவர்கள் சிரித்ததில் அவனும் சிரித்துவிட்டான், இறங்கியும் விட்டான். எனக்கு அறுபது வயது நெருங்கியும் அந்தப் பட்டப்பெயர் என்னை விடவில்லை. ஆறடி இரண்டு அங்குலம் வளர்ந்தது என் தப்பா?

தாளில் சொன்னபடி செய்தேன். நீங்கள் நினைத்தது சரிதான் போலிருக்கிறது. இரண்டு கண்ணிலும் இடது பாதியில் பென்சில் தெரியவில்லை. வயதாகிறது, வேறு என்ன. இங்கேயே டாக்டரிடம் காட்டிக்கொள்கிறேன். கவலை வேண்டாம்.

உங்கள் தம்பி

பெரிய அத்தானுக்கு வணக்கம். டீச்சர் எழுதுகிறேன். உறையை ஒட்டும் வேலை எப்போதும் என்னுடையது என்பதால் எனக்கும் இரண்டு வரி கிடைக்கிறது. இவர் நடக்கிற அழகுக்கு என் பள்ளியில் மூன்று வயதுப் பிள்ளைகள் தேவலாம். ‘பூதக்கண்ணாடி’ என்று உங்களுக்குச் சும்மாவா பெயர் வைத்தார்! நல்லவேளை, நீங்களாவது காரணத்தைக் கண்டுபிடித்தீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


பிப்ரவரி 11
(எழுதினேன். அனுப்பவில்லை.)

தம்பி,

உன் தாள்கள் என் மேசையில் ஒன்பது நாளாக இருக்கின்றன. இரண்டிலும் இடது பாதி முழுவதையும் நிழலிட்டிருக்கிறாய், நடுவில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல. நோயாளி யாரும் இவ்வளவு நேராக நிழலிட்டு நான் பார்த்ததில்லை. அதைக்கூட உன் ஒழுங்கு என்று விட்டிருப்பேன்.

வலது கண்ணின் தாளில் வலது பக்கம் ஒன்றுமே இல்லை. அங்கேதான் நீ மாட்டிக்கொண்டாய். ஒவ்வொரு கண்ணிலும் நரம்பு உள்ளே நுழைகிற இடத்தில் பார்வை கிடையாது. பிறவியிலேயே இல்லை. எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை, கழுகுப் பார்வை என்று பேரெடுத்தவனுக்கும் இல்லை. வலது கண்ணுக்கு அது வலப்பக்கம், சிலுவையிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இராது. அங்கே பென்சில் முனை மறைந்தே ஆக வேண்டும். ஒரு நாணய அளவுக்கு நிழல் இருந்தே ஆக வேண்டும். நீ பென்சிலை நகர்த்தவே இல்லை. என் கடிதத்தைப் படித்துவிட்டு நான் பயந்ததை அப்படியே வரைந்து அனுப்பியிருக்கிறாய்.

கண் போய்விட்டது என்று ஒரு மனிதன் எதற்காகப் பொய் சொல்வான்? கண் போவதைவிட வெளியே சொல்ல முடியாதது ஒன்று அவனிடம் இருக்க வேண்டும்.

ஃபிரேம்களை நான் எத்தனை தடவை பார்த்தேன்! மேலே உட்கார்ந்தால் காதுக்கம்பி இரண்டும் வெளிப்பக்கம் விரியும். கதவில் மோதினால் லென்ஸில் கோடு விழும். உன்னுடையதில் இடது கீல் உள்ளே மடங்கி, மூக்குத் தாங்கி இரண்டும் வலது பக்கம் சாய்ந்திருக்கின்றன. எதிரே நிற்கிறவரின் வலது கை. வேறு எதுவும் அப்படி மடக்காது. இதை நான் ஆகஸ்டிலேயே பார்த்தேன் என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டுக் கண் நோய் என்று ஒன்றைத் தேடிப் பிடித்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் உன் வீட்டில் நான்கு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் காலை சமையலறையில் ஒரு தட்டு உடைந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தம் கேட்டது. அப்போது என் காது நன்றாகத்தான் இருந்தது. நான் பத்திரிகையை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வானிலை அறிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வெளியே வந்து, “காப்பி ஆறிடுச்சா அண்ணா, சூடு பண்ணித் தரவா?” என்று கேட்டாய். உன் இடது கன்னம் சிவந்திருந்தது. டீச்சர் உனக்குப் பின்னால் வந்து சிரித்தபடியே, “கைதவறிடுச்சு அத்தான்” என்றார். நானும் சிரித்தேன்.

ஒருவேளை எல்லாம் என் கற்பனையோ என்னவோ. அப்படியிருந்தால் எவ்வளவு பெரிய பழியைப் போடுகிறேன்! இந்தக் கடிதத்தை உறையில் போட்டால் ஒட்டப்போகிறவன் நான், பிரிக்கப்போவது யார் என்று தெரியவில்லை.


பிப்ரவரி 13

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். தாள்கள் கிடைத்தன, பத்திரமாக வைத்திருக்கிறேன். நேரில் பார்த்தால் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும். பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து போகிறாயா? மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. ஜன்னல் கொக்கியைச் சரிசெய்து வைத்திருக்கிறேன். கட்டில் உன் உயரத்துக்குப் போதாது, ஆனால் காலுக்கு ஒரு முக்காலி போடலாம், அளந்து பார்த்தேன்.

டீச்சரைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணா,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். பயிற்சி முடிகிற சமயம் என்பதால் விடுப்பு கிடைக்காது.

கண்ணாடி மறுபடியும் உடைந்துவிட்டது. அலமாரிக் கதவு. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இப்போது பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சமாளிக்கிறேன். அவசரமில்லை.

உங்கள் தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? உன் கடிதம் இவ்வளவு சுருக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை. டீச்சரின் இரண்டு வரியும் இல்லை.

இடது கீலை முழுவதுமாக மாற்றிவிட்டேன். லென்ஸின் ஓரம் சில்லு விட்டிருந்தது, புதிது வெட்டிப் பொருத்தியிருக்கிறேன். இங்கே வெயில் கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தன் நாய்க்கும் கண் மங்குகிறது, ஒரு கண்ணாடி போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். ‘அளவு எடுக்க அது எழுத்துப் பலகையைப் படிக்க வேண்டுமே’ என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

மாடி அறையைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கட்டும். அதற்குத் தேதி ஒன்றும் கிடையாது.

அண்ணன்

[பெட்டிக்குள் இருந்த பழுதுச் சீட்டு]
எண்: 7/5
பழுது: இடது கீல் உள்நோக்கி முறிவு. மூக்குத் தாங்கி இரண்டும் வலப்பக்கம் சாய்வு. இடது லென்ஸ் ஓரம் சில்லு.
காரணம்: எதிரே நின்றவரின் வலக் கை. பக்கவாட்டு அடி. கதவு அல்ல. ஐந்து தடவையும் இதுவே.
செய்த வேலை: கீல் மாற்றம். லென்ஸ் புதிது. நேராக்கம்.


ஏப்ரல் 16

மதிப்புக்குரிய பெரிய அத்தானுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் அனுப்பிய கண்ணாடியும் சீட்டும் கிடைத்தன. உங்கள் வேலை நேர்த்தியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வயதான காலத்தில் தனியாக ஒரு அறையில் உட்கார்ந்திருந்தால் மனம் என்னென்னவோ நினைக்கும். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளோடு பழகியவள், பொறுமை எனக்குப் பழக்கம்தான்.

இனிமேல் கண்ணாடியை இங்கேயே ஒரு கடையில் கொடுத்துக்கொள்கிறோம். நீங்கள் சிரமப்பட வேண்டாம். அவருக்கு வேலை அதிகம், கடிதம் எழுத நேரமில்லை. நீங்களும் அடிக்கடி எழுதி உங்கள் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்றும் பாசமுள்ள,
டீச்சர்


ஏப்ரல் 18

தம்பி,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீ எப்படி இருக்கிறாய், அதை மட்டும் எழுது.

டீச்சரின் கடிதம் இன்று காலை வந்தது. சீட்டு என்ற சொல்லைப் பார்த்ததும் உன் அட்டையை எடுத்தேன். அட்டையில் இந்தத் தடவை முதன்முறையாக ஃபிரேம் சொன்னதை எழுதினேன். எனக்காக மட்டும், மேசை இழுப்பறையில் பூட்டி வைப்பதற்காக. ஆனால் அட்டைக்கு அடியில் கார்பன் தாள் இருந்தது, அதற்கு அடியில் சீட்டு இருந்தது. நாற்பத்தாறு வருடப் பழக்கம். நகலைக் கிழித்தெடுத்தேன், மடித்தேன், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன். படித்துப் பார்க்கவில்லை. எப்போது நான் படித்துப் பார்த்தேன்?

உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் துணிவில்லாமல் இரண்டு மாதமாக ஜன்னல் கொக்கியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவன், கிடைக்கவே கூடாத கையில் அதை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்கு நீ என்ன பட்டாயோ என்று நினைக்கவே முடியவில்லை.

இதை நிலைய முகவரிக்கு அனுப்புகிறேன். முன்பே இப்படிச் செய்திருக்கலாம். உன் அட்டையில் வீட்டு முகவரி இருந்தது, அதனால் வீட்டுக்கே அனுப்பிக்கொண்டிருந்தேன். என் புத்தி அவ்வளவுதான். பிப்ரவரியில் எழுதி அனுப்பாமல் வைத்த கடிதமும் இதில் இருக்கிறது. நான் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்ததைப் பற்றி அதில் எழுதியிருக்கிறேன். அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை, நீ படித்தால் போதும்.

இருபத்தெட்டாம் தேதி ரயிலுக்குப் பதிவு செய்துவிட்டேன். உன் வீட்டுக்கு வந்து போனதற்குப் பிறகு நான் ரயில் ஏறவில்லை. உன் தீயணைப்பு நிலைய வாசலில் நிற்பேன். நீ வரச் சொன்னாலும் வருவேன், வேண்டாம் என்றாலும் வருவேன். பேசத் தெரியாவிட்டாலும் பக்கத்தில் நிற்கத் தெரியும்.

அண்ணன்


ஏப்ரல் 23

அன்புள்ள அண்ணா,

நான் நன்றாக இருக்கிறேன். இதுவரை உங்களுக்கு எழுதியதிலெல்லாம் இந்த வரி பொய். இன்று பொய்யில்லை. நிலைய மாடியில், கூடத்தின் மூலைக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதினோரு நாளாக இங்கேதான் இருக்கிறேன். முதலில் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள், பிறகு மேலே படியுங்கள்.

அன்று சாயங்காலம் பார்சலை அவள்தான் பிரித்தாள். சீட்டைப் படித்தாள். சிரித்தாள். “உங்க அண்ணன்கிட்ட கண்ணாடியைச் சரி பண்ணித் தரச் சொன்னா பிரேதப் பரிசோதனை பண்ணியிருக்காரு. இந்தாங்க, நீங்களே படிங்க. சத்தமாப் படிங்க” என்று என் கையில் கொடுத்தாள். பள்ளியில் பிள்ளைகளிடம் சொல்வாளே, அதே குரல். தப்பு செய்தால் எழுந்து நின்று படிக்க வேண்டும். இருபத்தெட்டு வருடமாக அந்தக் குரலுக்கு நான் எழுந்து நின்றிருக்கிறேன்.

படித்தேன். “எதிரே நின்றவரின் வலக் கை. பக்கவாட்டு அடி. கதவு அல்ல.”

அண்ணா, அந்த வார்த்தைகளை என் வாயால் ஒருநாளும் நான் சொன்னதில்லை. மனத்துக்குள்கூடச் சொன்னதில்லை. அலமாரி, கதவு, சோப்பு வழுக்கியது, இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உங்கள் கையெழுத்தில், கோடு போட்ட கட்டத்துக்குள், கீல் முறிவுக்கும் நேராக்கத்துக்கும் நடுவில் அது சாதாரணமாக இருந்தது. பழுது என்றால் ஒரு காரணம் இருக்கும், அவ்வளவுதான் என்பதுபோல. அவள் கேட்காமலே இன்னொரு தடவை படித்தேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கை மேலே போனது.

நான் படிக்கப் போட்டிருந்த உங்கள் கண்ணாடியைக் கழற்றினேன். பெட்டியில் வைத்து மூடினேன். அந்த நேரத்தில் என்ன தோன்றியது தெரியுமா? புதுக் கீல் போட்டு வந்த அன்றே உடைந்தால் அண்ணன் வருத்தப்படுவாரே என்றுதான். பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தேன். அடி முதுகில் விழுந்தது. நிற்கவில்லை. வீட்டுச் செருப்போடு நிலையம் வரை வந்துவிட்டேன்.

நிலைய அதிகாரி ஒருகாலத்தில் என்னிடம் பயிற்சி எடுத்தவர். அவர் மகளே டீச்சரிடம்தான் எழுத்துப் படித்தாள். சொன்னால் சிரிப்பார் என்றுதான் இத்தனை வருடம் இருந்தேன். நெருப்புக்குள்ளிருந்து ஆட்களைத் தோளில் தூக்கி வந்தவன், தோள் உயரம்கூட இல்லாத மனைவியிடம் அடி வாங்குகிறான் என்றால் யார் சிரிக்க மாட்டார்கள்? நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, “சார், நீங்க எங்ககிட்ட என்னிக்காவது பொய் சொல்லியிருக்கீங்களா? உக்காருங்க. முதல்ல டீ குடிங்க” என்றார். அவ்வளவுதான். அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை, அழுகை வந்துவிட்டது.

புகையில் மாட்டியவர்களில் சிலர் வாசலைத் தேட மாட்டார்கள், கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வார்கள், அங்கேயும் தேடுங்கள் என்று முப்பது வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன்.

மறுநாள் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். விலா எலும்பில் பழைய முறிவு இரண்டு, தானாக ஒட்டியிருக்கிறது என்றார் டாக்டர். காவல் நிலையத்தில் புகார் எழுதியவர் தலை நிமிராமல், “அடிச்சது யாரு, பையனா?” என்று கேட்டார். மனைவி என்றேன். நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

பிப்ரவரிக் கடிதத்தைப் படித்தேன். அன்று நீங்கள் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்தது எனக்குத் தெரியும். தலைகீழாகப் பிடித்திருந்தீர்கள். நான் காப்பியைப் பற்றிக் கேட்டதும் நீங்கள் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். இரண்டு பேரும் சேர்ந்து செய்தது அண்ணா, உங்கள் மேல் மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இருபத்தெட்டாம் தேதி வாருங்கள். வாசலில் நிற்க வேண்டாம், உள்ளே வந்து உட்காருங்கள். ஏணி சாருடைய அண்ணன் என்றால் நாற்காலி போடுவார்கள்.

உங்கள் தம்பி


மே 14

அன்புள்ள தம்பிக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். ரயிலில் மேல் படுக்கைதான் கிடைத்தது. ஏற உதவி கேட்கக் கூச்சப்பட்டு ஒரு மணி நேரம் நின்றேன். கடைசியில் ஒரு அம்மாள், “ஏன் தாத்தா நிக்கிறீங்க, வாங்க” என்று தன் கீழ்ப் படுக்கையை விட்டுக் கொடுத்தார். கேட்டிருந்தால் முன்பே கிடைத்திருக்கும்.

உன்னோடு இருந்த இரண்டு வாரத்தில் நாம் அதிகம் பேசவில்லை. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் நீ புது அறையின் அளவைப் பற்றிக் கேட்டாய், நானும் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அலமாரி வைக்கிற சுவர் நூற்றுப்பதினெட்டு சென்டிமீட்டர். குறித்துக்கொள். என்னோடு வந்து இருக்கச் சொன்னேன், நிலையம் பக்கத்தில் இருந்தால் போதும் என்றாய். முதலில் எனக்கு மனசுக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு யோசித்தேன். ஒருவர் சொல்கிற இடத்தில் இருந்தது போதும் என்று நீ நினைத்திருப்பாய். அது நியாயம்தான்.

கிளம்பும்போது ரயில் நிலையத்தில் நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு உன்னுடையதுதானா, எனக்காகப் போட்டதா என்று தெரியவில்லை. நான் சந்தேகக்காரன். எனக்கு இன்னும் பயம் போகவில்லை. நீ திரும்பிப் போய்விடுவாயோ என்று.

காதுக் கருவி வாங்கிவிட்டேன். இனி போனிலும் பேசலாம். ஆனால் எழுதுவதை விடாதே.

அண்ணன்


செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணா,

நலம். நீங்கள் கண்ணெதிரே இருந்து சோதித்தாலும் நலம்தான்.

கடிதம் எழுதி நான்கு மாதமாகிவிட்டது, போன் வந்ததும் சோம்பேறியாகிவிட்டேன். சிலவற்றை உங்கள் காதுக் கருவிக்குள் கத்திச் சொல்ல முடியவில்லை. வழக்கு நடக்கிறது. பிரிந்துதான் இருக்கிறோம். போன மாதம் என் துணிகளை அனுப்பியிருந்தாள். சீருடையைத் தேய்த்து மடித்து, அறுந்திருந்த பித்தானைத் தைத்து அனுப்பியிருந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் போவேனோ என்று எழுதியிருந்தீர்களே, அன்று ஒரு நிமிடம் போயிருப்பேன். பிறகு உங்கள் சீட்டை எடுத்துச் சத்தமாகப் படித்தேன். பர்ஸில்தான் வைத்திருக்கிறேன்.

ஊரில் சிரித்தவர்கள் உண்டு. எண்ணிப் பார்த்தால் இரண்டு பேர். வண்டி ஓட்டுநர் ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூப்பிட்டு, “சார், எங்க அக்கா வீட்லயும் இப்படித்தான் சார். மாமா இல்ல, பையன். நாங்க யார்கிட்டயும் சொல்லல. நீங்க அன்னிக்கு எங்க போனீங்கன்னு சொல்றீங்களா?” என்று கேட்டார். டாக்டர் பெயரையும் புகார் எழுதியவர் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.

இப்போது முக்கிய விஷயம். இரண்டு தாள் அனுப்பியிருக்கிறேன், உங்கள் பழைய தாளைப் பார்த்து நானே சிலுவை போட்டது. இந்தத் தடவை நிஜமாகவே ஒரு கண்ணைப் பொத்தினேன், நிஜமாகவே பென்சிலை நகர்த்தினேன். இடது பக்கம் முழுவதும் தெரிகிறது. வலது கண்ணில் வலப்பக்கம் போகும்போது முனை சட்டென்று காணாமல் போய்விட்டது! இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் மறுபடி வந்துவிட்டது. நான்கு தடவை செய்து பார்த்தேன், அதே இடம், நாணய அளவு. எல்லாருக்கும் தெரியாத இடத்தில் மட்டும்தான் எனக்கும் தெரியவில்லை.

இன்னொன்று. சொல்லவே பயமாக இருக்கிறது. கண்ணாடி உடைந்துவிட்டது, இத்துடன் வருகிறது. நேற்று மத்தியானம் கட்டிலில் கழற்றி வைத்துவிட்டுப் போன் எடுக்கப் போனேன். திரும்பி வந்து மேலே உட்கார்ந்துவிட்டேன். சத்தியமாக அண்ணா.

உங்கள் தம்பி


செப்டம்பர் 11

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இன்று ரத்த அழுத்தம்கூடச் சரியாக இருந்தது, இரண்டு தடவை பார்த்தேன்.

பார்சல் எட்டாம் தேதியே வந்துவிட்டது. மேலே இருந்த கடிதத்தைப் படித்தேன், கண்ணாடிப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. மேசையில் வைத்துவிட்டு நடக்கப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன், கத்தரிக்கோலைத் தேடினேன், கையிலேயே இருந்தது. உன்னை நான் நம்புகிறேன். ஆனால் ‘மேலே உட்கார்ந்துவிட்டேன்’ என்று நீ முன்பும் இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். அதனால் நேற்று விளக்கைப் போட்டுக்கொண்டு, கையைக் கழுவிக்கொண்டு முறைப்படி பார்த்தேன்.

காதுக்கம்பி இரண்டும் வெளிப்பக்கம் விரிந்திருக்கின்றன, இரண்டும் ஒரே அளவு. மூக்குப் பாலம் தட்டையாகிவிட்டது. கீல்கள் உள்ளே மடங்கவில்லை. மூக்குத் தாங்கிகள் எந்தப் பக்கமும் சாயவில்லை. லென்ஸில் கோடு இல்லை, ஓரத்தில் சில்லு இல்லை. வலது கீலின் திருகில் நீல நூல் ஒன்று சிக்கியிருந்தது. உன் மெத்தை விரிப்பு நீலம், நாம் இருவரும் சேர்ந்து வாங்கியது. சாமணத்தால் எடுத்து அட்டையில் ஒட்டியிருக்கிறேன்.

இவ்வளவு அழகாக நசுங்கிய ஃபிரேமை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. வேலை செய்ய ஆரம்பிக்காமல் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

சரிசெய்து அனுப்பியிருக்கிறேன். பெட்டிக்குள் சீட்டு இருக்கிறது. கார்பன் தாளைச் சரிபார்த்து, நகலை மூன்று தடவை படித்துப் பார்த்த பிறகுதான் மடித்தேன். நீயும் சத்தமாகப் படி.

எண்: 7/6
பழுது: இரு காதுக்கம்பியும் சமமாக விரிவு. பாலம் தட்டை.
காரணம்: மேலே உட்கார்ந்தது. சுமார் தொண்ணூறு கிலோ. சந்தேகமில்லை.
செய்த வேலை: நேராக்கம்.

அண்ணன்